ஆறாவது கதவு

காலை ஒன்பது. இன்னும் விடியவில்லை.
மைனஸ் இருபத்தாறு.
பேட்டரிகளைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி
எடுத்துப்போகிறேன்.
குளிர் பட்டால் வழியிலேயே செத்துவிடும்.

குயுசாமோவுக்கு வடக்கே, ஸ்ப்ரூஸ் காட்டில்
கம்பி கட்டித் தொங்கவிட்ட எட்டுப் பெட்டிகள்.
எட்டுக்கும் ஒவ்வொரு கதவு.
உள்ளே சூரியகாந்தி விதை.
சிட்டின் காலில் அரிசியளவு சில்லு.
தன் பெயருக்கு எழுதிய கதவில் வந்து அமர்ந்தால்
திறக்கும்.
மற்ற ஏழும் வெறும் பலகை.

இடக்காலில் நீலம், வலக்காலில் வெள்ளைக்கு மேல் மஞ்சள்.
அவளுக்கு ஆறு.
ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது,
அவள் என்பது நான் வைத்துக்கொண்டது.
இரண்டு இருபது சென்ட் காசின் எடை.
முதல் நாள் நாற்பது தவறு.
மறுநாள் பதினொன்று.
அதற்கு மறுநாள் ஒன்று.
நான்காம் நாள் கிளையிலிருந்து நேரே ஆறுக்கு,
இருட்டில் சுவிட்சைத் தேடாத கை மாதிரி.

விதையை அங்கேயே தின்பதில்லை.
மரப்பட்டை இடுக்கில் செருகி,
தாடிபோல் தொங்கும் பாசியில் ஓர் இழை இழுத்து மூடி,
தலையைச் சாய்த்து ஒரு பார்வை.
அவ்வளவுதான் கணக்கெழுதுவது.
அக்டோபரில் ஒரு மதியம் முழுக்கப் பின்னால் போனேன்.
அறுபது ஒளித்தாள்.
நான் பார்த்தது ஒன்று.
மறுநாள் அந்த ஒன்றிருந்த மரத்தையே
என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜனவரி பதினான்கு.
ஓஸ்மோ அலுவலகத்தில் காபி குடித்தபடி
அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினார்.
அவளுக்கு இனி மூன்று.

ஆறில் வந்து உட்கார்ந்தாள்.
திறக்கவில்லை.
பறந்து ஒரு சுற்று, மறுபடி ஆறு.
தவறு எண்பத்தொன்று என்றது இயந்திரம்.
இலையுதிர் காலம் முழுக்க எல்லாக் கதவையும் தட்டித் திரிந்த
பச்சைக்கால் மந்தம்
மதியத்துக்குள் புதுக்கதவைப் பிடித்துவிட்டது.
ஓஸ்மோவுக்குச் சந்தோஷம்.
நன்றாகப் படித்ததுதான் லேசில் விடாது, ஹில்க்கா, என்றார்,
வரைபடத்தில் விரல் வைத்து.

நான் அவரிடம் சொல்லாதது:
வெள்ளிக்கிழமை கடையில் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு
பெட்ரோல் பங்க் தாண்டி இடப்பக்கம் திரும்பினேன்.
இடப்பக்கம் எனக்கு இப்போது யாருமில்லை.
தெரு முனையில் வரிசையாக நிற்கும் தபால்பெட்டிகள்மேல்
முகப்பு விளக்கு விழுந்த பிறகுதான்
எங்கே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.
நான்காவது பெட்டியில்
இரண்டு பெயர் இருந்த இடத்தில் ஒன்று.
சுரண்டிய பசையில் பனி பிடித்திருந்தது.
எஞ்சினை அணைக்கவில்லை.
ரிவர்ஸ் எடுக்கும்போது பால் சீட்டிலிருந்து விழுந்தது.
பத்தொன்பது வருடத்தில் எத்தனை முறை
அந்தத் திருப்பம் திறந்திருக்கும்?

பிப்ரவரியில் புயல். சாலை மூடிவிட்டது.
மூன்றாம் நாள் பனிச்சறுக்குக் கட்டைகளில் போய்ச் சேர்ந்தேன்.
பேட்டரி எல்லாம் தீர்ந்து
எட்டும் மூடிக்கிடந்தன.
பெட்டிக்கடியில்
சின்ன இறகுப் பந்து ஏதும் கிடக்கிறதா என்று
பனியைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

தலைக்கு மேல் டொக், டொக்.
நீலம், வெள்ளை, மஞ்சள்.
தலைகீழாய்த் தொங்கி
பாசியை விலக்கி
அக்டோபரின் விதையை வெளியே எடுத்தாள்.
எந்த அட்டவணையிலும் இல்லாத விதை.
அந்த மரம்தானா இது?
தெரியவில்லை.

விரல் மரத்து, ஒவ்வொன்றாய்ப் பேட்டரி மாற்றினேன்.
எட்டாவதன் மூடியைத் திருகுவதற்குள்
இறங்கி வந்துவிட்டாள்.
முதலில் ஆறு.
ஒரே ஒரு முறை, கால் படுமளவு.
பிறகு மூன்று.

மாலையில் ஓஸ்மோ கேட்டார்:
தினமும் காலையில் அந்த முதல் ஆறு வருகிறதே,
பழுதென்று நீக்கிவிடட்டுமா?
கையுறையை ஹீட்டர்மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.
இருக்கட்டும் என்றேன்.