புள்ளிக் கணக்கு

நாலாயிரத்து நூற்றிருபது புள்ளி
என் பெயரில் இருக்கிறது.
புதுவயலில் வேறு யாருக்கும் இல்லை.

ராத்திரி பத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அரிசி மில்காரர்கள் கழித்துப் போட்ட மூன்று கணினிகளில்
வேண்டுமென்றே வைரஸை ஏற்றுவேன்.
ஒன்று பேங்க் நோட்டீஸ் போல வரும்,
ஒன்று கரண்டு பில் போல,
ஒன்று கல்யாணப் பத்திரிகை, முருகன் படத்தோடு.
காவல் மென்பொருள் எதைப் பிடிக்கிறது,
எதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்று
நேரம் போட்டு எழுத வேண்டும்.
தன்னார்வலர் என்று எனக்குப் பெயர்.
ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தேன், பொய் சொல்லக் கூடாது.
ஓட்டையைக் கண்டுபிடிக்கும் அந்த நொடியில்
பசி தெரியாது.

பசி தெரியாதது வேறு, பசி இல்லாதது வேறு
என்பாள் ரெத்தினாவதி,
திறக்காத தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு.

சித்திரையில் ஒரு பவர் சப்ளை எரிந்தது. ஆயிரத்து நானூறு.
ஆறுதலுக்கு முந்நூறு புள்ளி கொடுத்தார்கள்.
மதிப்புரை எழுதினால் ஐம்பது,
அஞ்சு நட்சத்திரம் போட்டால் இன்னும் நூறு.
மூன்று போட்டேன்.
புள்ளியைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்தேன்:
அதே மென்பொருள், ஓராண்டுக்கு இலவசம்.
உப்பு சரியில்லை என்று சொன்னவனுக்குக் கூலியாக
அதே குழம்பு ஒரு வாளி.

இந்தப் பக்கம் புள்ளி என்றால் சும்மா இல்லை.
நகரத்தாரில் கல்யாணம் முடிந்த ஒரு சோடி ஒரு புள்ளி.
கோயில் கணக்கில் ஏறும், வரி விழும்.
துணை போனால் அரைப்புள்ளி, அப்போதும் கணக்கில் உண்டு.
பெரும்புள்ளி என்றால் மாளிகை.
கரும்புள்ளி செம்புள்ளி என்றால் கழுதை.
உங்களுது இதுல எது, என்கிறாள் ரெத்தினாவதி.

எதிர் மில்லில் அடைக்கலம்
குத்தூசியை மூட்டைக்குள் சொருகி உருவுவார்.
உள்ளங்கையில் கொஞ்சம் அரிசி.
ஒன்றைக் கடிப்பார். இன்னொன்றைக் கடிப்பார்.
"ஈரம்" என்றால் லோடு திரும்பிப் போகும்.
மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி வைத்த கூலி,
குத்தி எடுத்த அரிசியும் அவர் பைக்கே.
உங்களுக்குத்தான் கடிக்கப் பிடிக்குமே, சும்மா கடியுங்கள் என்று
எந்த முதலாளியும் அவரிடம் சொன்னதில்லை.
சொன்னால்? என்று கேட்டேன்.
"பல்லு என்னுதுல்ல" என்றார்.

ஆடியில் ஒன்று கண்டுபிடித்தேன்.
புதுப்பிப்பு ஏறும் நாற்பது விநாடி
காவல் கண் அயர்கிறது.
பதினோரு பக்கம் எழுதி அனுப்பினேன்.
ஐந்நூறு புள்ளி, தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம்.
ஐப்பசியில் சாத்தையா மில்லின் கணக்கு மொத்தமும்
அதே நாற்பது விநாடிக்குள் பூட்டிக்கொண்டது.
சென்னையிலிருந்து கம்பெனி ஆள் காரில் வந்தார்.
மணிக்கு நாலாயிரமாம்.
அவர் கையிலிருந்த தாளில்
மூன்றாம் பக்கத்து எழுத்துப்பிழை என்னுடையது.

டீ வாங்கிக் கொடுத்தேன்.
"நல்ல ரிப்போர்ட் சார், யார் எழுதுனதுன்னுதான் தெரியல."
இரண்டு டீ, ஒரு கீரை வடை, முப்பத்தாறு ரூபாய்.
எழுதி வைத்துக்கொண்டேன்.

நேற்று பில் போட்டேன்.
அறுபத்து மூன்று ராத்திரி.
எரிந்த பவர் சப்ளை.
கரண்டு.
பதினோரு பக்கம், பிழை உட்பட.
டீ, வடை.
கழிவு: கால் பங்கு, என் ஆசைக்கு.
அது என்னுடையது, அதற்குக் காசு வேண்டாம்.
நட்சத்திரம் ஒன்று திருப்பி அனுப்பப்படுகிறது.

பில்லுக்குப் பதில் இல்லை.
புதிய பதிப்பு வந்திருக்கிறதாம்,
சோதித்துப் பார்க்க அன்போடு அழைக்கிறார்கள்.
விரல் அரிக்கிறது.
ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டுகிறேன்.

எதிரே விளக்குக் கம்பத்தடியில் அடைக்கலம்
சைக்கிளைச் சாய்த்து நின்று
சட்டைப்பையைத் துழாவி ஒரு அரிசியை எடுத்து
வாயில் போட்டுக் கடிக்கிறார்,
வேலை முடிந்த பிறகு,
சும்மா.