முப்பத்தொன்றாவது மீன்

பாய்லர் செத்தது திங்களன்று.
சும்மா சாகவில்லை,
கையைக் கடித்துவிட்டுச் செத்தது.
முன்பணம் வாங்கிக்கொண்டு மெக்கானிக் போனதும்
மேஜைமேல் கொட்டி எண்ணினோம்:
பத்தொன்பது பவுண்டு, கொஞ்சம் சில்லறை,
ஒரு கோட்டுப் பொத்தான்.
அடுத்த திங்கள்வரை இதுதான் என்றேன்.
பொத்தானையும் சேர்த்தா என்றான் ரூரி.

டண்டீயில் மார்ச் மாதக் காற்றுக்குக் கட்டணமில்லை,
கேட்காமலே வீட்டுக்குள் வந்து தங்கும்.
வெயிலுக்கும் கட்டணமில்லைதான்.
ஆனால் அது கடன்வாங்கிய ஆள் மாதிரி
நாளைக்கு, நாளைக்கு என்கிறது.

ரூரி ஒரு டர்னிப் வாங்கிவந்தான்,
தலையணை அளவு.
முதல்நாள் சூப்.
மறுநாள் அதே சூப், பார்லியோடு.
மூன்றாம்நாள் அதற்கொரு பிரெஞ்சுப் பெயர் வைத்து
மெழுகுவர்த்தி ஏற்றிப் பரிமாறினான்.
பெயர்தான் புதுசு. ருசி
நேற்றே அறிமுகமான ஆள்.

பழுப்பு வண்ணம் தீர்ந்து மாதமாகிறது.
ட்யூபின் வயிற்றைக் கத்தரியால் கிழித்தும் பார்த்தாயிற்று.
இந்த வாரம் தேநீரால் வரைகிறேன்.
ஒரே பை:
முதல் கோப்பை எனக்கு,
இரண்டாவது ரூரிக்கு,
மூன்றாவது மேகங்களுக்கு.
அந்தி வானத்துக்குப் பீட்ரூட் வெந்த தண்ணீர்.
புதனன்று கவனம் பிசகி
மேகத்தைக் குடித்துவிட்டேன்.
சர்க்கரை போதவில்லை.

உதிரிபாகம் வெள்ளிக்கிழமைதான் வருமாம்.
அதுவரை மதியங்களில் அருங்காட்சியகம்.
நுழைவு இலவசம், கதகதப்பும் இலவசம்.
நான் பார்ப்பது ஒரே ஓர் ஓவியம்.
வாளி நிறைய ஹெர்ரிங் மீன்.
வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்கிறது பலகை.
மீன்களுக்கு அதில் வருத்தமில்லை.

முப்பது, என்றேன் சத்தமாக.
முப்பத்தொன்று, என்றார் காவலர் கில்கிறிஸ்ட்,
பதினாறு வருடமாக அந்த வாளிக்கு எதிரே நிற்பவர்.
மறுநாளும் எண்ணினேன். முப்பது.
வாலைப் பிடித்து எண்ணினேன், தலையைப் பிடித்து எண்ணினேன்.
அவர் வாயைத் திறக்கவில்லை.
மீசைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு
வேறு பக்கம் பார்த்தார்.

வியாழனன்று தொண்டுக் கடையில் ஒரு சட்டகம்,
ஒன்றரைப் பவுண்டு.
உள்ளே ஒரு மான் என்னை முறைத்தது,
தன் விலையைப் பார்த்திருக்கும்.
வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பிப் போட்டேன்.
மானின் முதுகுப்பக்கம் நல்ல அட்டை,
நல்ல அகலம்.
இப்போது அதில் டே நதி ஓடுகிறது,
பாலம் வரைக்கும் தேநீர்.

வெள்ளியன்று பாய்லர் உறுமிக்கொண்டு எழுந்தது.
காலுறைகள் காய்ந்தன, ஜன்னல் வியர்த்தது.
இனி அங்கே போகக் காரணமே இல்லை.

சனியன்று போனேன்.

குனியுங்கள், என்றார் கில்கிறிஸ்ட்.
இன்னும். ஐந்து வயதுப் பிள்ளை உயரத்துக்கு.
முழங்கால் இரண்டும் மடக்கென்று சொல்ல
உட்கார்ந்தேன்.
கண்ணாடியின் பளபளப்பு மேலே விலகியது.
இரண்டு வால்களுக்கு நடுவே, இருட்டில்,
ஒரு கண்.
உடம்பு இல்லை, செதில் இல்லை,
வெறும் கண்.
வாரம் முழுக்க அதுவும்
என்னை இலவசமாகத்தான்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

சிரிக்கக் கூடாத கூடத்தில் இருவரும் சிரித்தோம்.
எழுந்திருக்க அவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு. ப்ராட்டி ஃபெரி கடற்கரை.
மிச்சம் இரண்டு பவுண்டு பத்து.
ஐஸ்கிரீம் இரண்டு இருபது.
ரூரி சற்றும் கூசாமல்
பொத்தானையும் சேர்த்து வைத்தான்.
கடைக்காரி மேல்பொத்தான் போன
தன் கோட்டில் வைத்துப் பார்த்தாள்.
பொருந்தவில்லை.
ஆனாலும் கொடுத்தாள்,
கரண்டி இரண்டாக.

பல் கிட்ட, மூக்கு சிவக்க,
மணலில் நின்றுகொண்டு சாப்பிட்டோம்.
உருகும் என்ற பயமே இல்லை.
எத்தனை நேரம் வேண்டுமானாலும் வைத்துத் தின்னலாம்.
அந்தக் காற்றுக்கு
முதல்முறையாக நன்றி சொன்னேன்.