இருநூற்றுப் பதினான்கு

இந்த வருசம் ஐம்பது புத்தகம் என்று
டயறியின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.
ஐப்பசியும் வந்துவிட்டது. இருபத்தேழில் நிற்கிறேன்.
அதிலும் இரண்டு மெல்லிசு;
கணக்கில் சேர்த்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மல்லாவி நூலகத்தில் எதை எடுத்தாலும்
திகதிச் சீட்டில் எனக்கு மேலே 214.
நாவல், பயணக்கதை,
தேனீ வளர்ப்பைக்கூட விடவில்லை.

ஆளைத் தெரியாது.
நடுவில் ஒரு பஸ் ரிக்கற்றை மறந்துபோவார்,
துணுக்காயிலிருந்து மாங்குளம்.
பிடித்த வரிக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி,
அழிறப்பரால் தேய்த்தாலும் போகாதபடி அழுத்தி.
ஒரு புள்ளிக்குச் சிரித்தேன்.
இன்னொன்றுக்கு, இதில் என்ன கண்டீர் என்று
டயறியில் ஒன்றரைப் பக்கம் சண்டை பிடித்தேன்.

தண்ணி ஏறிய பழைய புத்தகம் ஒன்றில்
முத்திரையின் நீலம் ஊறி
ஏழெட்டு வரி தெரியாமல் போயிருந்தது.
ஓரத்தில் அவற்றைத் திருப்பி எழுதியிருந்தார்.
ஊகித்தாரா, அந்த நாளிலேயே வாசித்தவரா,
கேட்க வழியில்லை.

நேற்றுப் புதுப்பெட்டி உடைத்தார்கள்.
மேலே கிடந்ததை எடுத்தேன்.
சீட்டு வெறுமை.
கௌசலாதேவி மிஸ் சீல் குத்தும்வரை
வேறு யாரும் வந்துவிடுவார்கள் போல நின்றேன்.

இரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில், பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு வரி என்னை நிறுத்தியது.
எழும்பிப்போய்ப் பென்சில் தேடினேன்.
தம்பியின் கொம்பாஸ் பெட்டிக்குள் அரைத்துண்டு கிடந்தது.

புள்ளியை மெல்லமாய்த்தான் வைத்தேன்,
பிடிக்காவிட்டால்
அவர் அழிக்கட்டும்.