பக்கம் முப்பத்தொன்று

அந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
வில்மா டைக்ஹவுஸ், பணியாளர் பிரிவு,
ஹார்க்கர் கொதிகலன் ஆலை, மஸ்கீகன்.
சத்தியம் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன்:
நாற்பத்தெட்டுப் பக்கம், நீல அட்டை,
வட்ட எழுத்துகளிலெல்லாம் மை அடைத்துக்கொள்ளும் பழைய இயந்திரம்.

எழுபத்தாறு. நவம்பர்.
வாயிற்கதவருகே சங்கத்துக்காரர்கள்
கையுறை போட்ட கையால் நோட்டீஸ் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.
பெரியவர் ஹார்க்கர் என் மேசைமேல் குனிந்து
'அவர்களுக்கு நிம்மதி வருகிற மாதிரி ஏதாவது' என்றார்.
பிறகு அவரே சொல்லச் சொல்ல அடித்தேன்:
மூன்று முறை எழுத்தில் எச்சரிக்காமல்,
தக்க காரணம் இல்லாமல்,
எவரும் வேலைநீக்கம் செய்யப்படமாட்டார்.
'மாட்டார்'.
நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தேன்.
'மாட்டார்தான்' என்றார். 'கேட்க நன்றாக இருக்கிறது.'

கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு உப்பிட்ட பன்றித்தொடை,
அதன் கயிற்றிலேயே செருகி ஆளுக்கொரு புத்தகம்.
ஜனவரியில் வாக்கெடுப்பு.
சங்கம் வேண்டாம் என்றவர்கள் நாற்பத்தொரு பேர் அதிகம்.
அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.
நானும் ஒரு துண்டு தின்றேன்.

இப்போது எண்பத்துநான்கு. பிப்ரவரி.
க்ளென் ஊஸ்டர்பான், வார்ப்படப் பிரிவு, பத்தொன்பது வருடம்.
அரைக்கும் அறையில் விசிறி ஓடவில்லை என்று
ஒரே வாரத்தில் இரண்டு தடவை சொன்னான்.
வெள்ளிக்கிழமை உறையில் இருந்தது கடைசிச் சம்பளம்.
எச்சரிக்கை ஒன்றும் இல்லை. இரண்டும் இல்லை. மூன்றும் இல்லை.

கம்பெனி வக்கீல் ப்ரென்டிஸ் மென்மையானவர்.
எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்:
இது வெறும் கையேடு, வரவேற்புரை மாதிரி, இல்லையா?
யாரும் இதில் பேரம் பேசவில்லை,
யார் கையெழுத்தும் இல்லை.
பதிலுக்கு அவர் எதைக் கொடுத்தார்?
கொடுக்காமல் வாங்கியது பரிசுதானே, திருமதி டைக்ஹவுஸ்,
பரிசு எப்படி ஒப்பந்தம் ஆகும்?

மேசையில் க்ளெனின் பிரதி.
அட்டையில் ஏழு வருடத்துக் கொழுப்புக் கறை.
முப்பத்தொன்றாம் பக்கத்தின் ஓரம் மடித்திருக்கிறது,
மடித்த இடம் நைந்து கையோடு வந்துவிடும் போலிருக்கிறது.
வரவேற்புரையை ஒரு மனிதன்
இத்தனை தடவையா திருப்பிப் பார்ப்பான்?

ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
கல்லில் எழுதினால் நிற்கும், நீரில் எழுதினால் நிற்காது,
அது தெரியும் யாருக்கும்.
எங்கள் ஊரில் மூன்றாவது ஒன்று உண்டு.
அதன்மேல் குடிசை போட்டு மீன்பிடிக்கிறார்கள்,
லாரியையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.
தாங்குகிறவரை அது தரைதான்.

'நோட்டீஸை வாங்கவில்லை' என்கிறேன்.
'மன்னிக்கவும்?'
'பதிலுக்கு எதைக் கொடுத்தான் என்று கேட்டீர்களே.
புத்தகம் கிடைத்த மறுநாள், வாயிற்கதவருகே,
கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலே
அவர்களைக் கடந்து போனான்.
என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
பெரியவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்.
அதற்காகத்தானே அடித்தது.'

ஆட்சேபணை, என்கிறார் ப்ரென்டிஸ்.
சுருக்கெழுத்துப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு
அதையும் தட்டிக்கொள்கிறாள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
அதற்குள் புதுப் புத்தகம் வந்துவிட்டது, சாம்பல் அட்டை.
அதையும் நான்தான் அடித்தேன்.
'மாட்டார்' இருந்த இடமெல்லாம் 'லாம்':
எச்சரிக்கப்படலாம். நீக்கப்படலாம். எப்போதும், எதற்கும்.
முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில்,
இதில் எதுவும் எவரையும் கட்டுப்படுத்தாது.
கடைசியில் கிழித்துத் தரவேண்டிய தாள்,
ஒப்பந்தம் எதுவும் இல்லை என ஒப்புக்கொள்கிறேன்,
இங்கே கையெழுத்து.

கட்டுப்படுத்தாத புத்தகத்தில்
அந்த ஒரு தாள் மட்டும் கட்டுப்படுத்துமாம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கொடுத்துவிட்டார்கள்.
எண்ணி, பெயர் வரிசையில் அடுக்கி, ரப்பர் போட்டு வைத்தேன்.
'டை'யில் தொடங்கும் இடம் மட்டும் காலி.
ப்ரென்டிஸின் ஆள் இன்று மதியம் தொலைபேசியில் கேட்டான்.
இங்கேதான் எங்காவது இருக்கும்,
தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.