எடைக் கணக்கு

சாப்பாட்டு மேசையில் மாவட்டத்தை விரித்தோம்.
மூலைக்கொரு பாரம்:
உப்பு ஜாடி, தக்கலையில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ்,
ஆன்சலினின் கைபேசி, என் பறத்தல் பதிவேடு.
அறுபத்தொரு மணி நேரம் பறந்திருக்கிறேன் என்கிறது அது.
அதில் ஒரு நிமிடம்கூட இந்த மண்ணுக்கு மேலே இல்லை.

நாகர்கோவிலில் விமானம் இறங்க இடமில்லை.
வடசேரியில் பஸ்ஸுக்கே இடமில்லை என்கிறாள் அவள்.
திருவனந்தபுரத்தில் வாடகைக்கு ஒரு செஸ்னா,
இரண்டே இருக்கை,
தோளோடு தோள் இடிக்கும்,
மணிக்கு இவ்வளவு என்று சொன்னபோது
போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

பென்சில் கரையோரமாகக் கிழக்கே நகர்கிறது.
முதலில் கொளச்சல்.
டச்சுக்காரன் தோற்றதற்கு நட்ட தூண்
ஆயிரம் அடியிலிருந்து ஒரு தீக்குச்சி.
தூணைத் தேடாதே, நிழலைத் தேடு
என்று ஓரத்தில் எழுதினேன்:
ஏழரைக்குள், அது மேற்கே நீண்டு கிடக்கும்போது.
அடுத்து முட்டம் விளக்கு.
கட்டிய வெள்ளைக்காரன் போய்விட்டான்,
அது இன்னும் ராத்திரி வேலைக்கு வருகிறது.

வட்டக்கோட்டையில் திரும்பியே ஆக வேண்டும்.
நேரே போனால் கூடங்குளம்,
அங்கே ஆகாயத்துக்கே கதவு போட்டிருக்கிறார்கள்.
இடப்பக்கம் ஒடித்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்,
காற்றாலைகள் தின்றதுபோக மீதிக் காற்று
நமக்கு.

பிறகு உதயகிரி.
எந்த ராஜாவிடம் தோற்றானோ
அவனுக்கே படை பழக்கிய தளபதி
கூரை போன தேவாலயத்துக்குள் படுத்திருக்கிறான்.
பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தபோது இடிந்த சுவர்.
மேலிருந்து பார்த்தால்
மூடி தொலைந்த பெட்டியாக இருக்குமோ?

கடைசியாக, பெட்ரோல் மிஞ்சினால், பேச்சிப்பாறை.
"எங்க அப்பாவுக்க பூட்டி அந்த அணையில மண்ணு சொமந்தவ"
என்றாள் ஆன்சலின், சிப்ஸை மென்றபடி.
"பேரு?"
"யாருக்குத் தெரியும்.
கட்டினவரு பேரு இருக்கு, போய்ப் படிச்சுக்கோ."
அவள் விரல் வைத்த இடத்தில் எண்ணெய் ஊறி
மலைக்குள் இன்னொரு நீர்த்தேக்கம்.

"சரி, உன் எடை சொல்லு."
"அறுபத்து மூணு."
எழுதிக்கொண்டேன்.
விமானத்திடம் பொய் சொல்ல முடியாது என்று
பொதுவாக, ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவைத்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: பயணத்தின் நோக்கம்.
கப்பலில் வந்தவர்கள் வியாபாரம் என்றிருப்பார்கள்.
அவர்களுக்குக் கட்டம் எளிது.
சுற்றிப்பார்க்க என்று எழுதி அழித்தேன்.
பார்வையிட என்று எழுதினேன்,
ஜீப்பில் வந்திறங்கும் அதிகாரிபோல் இருந்தது,
அதையும் அழித்தேன்.
தாள் அங்கே மட்டும் மெலிந்துவிட்டது.

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அவள் செய்தி:
"எழுபத்தொண்ணு. பேச்சிப்பாறையை விட்டுரு மக்கா."

எட்டு கிலோ.
பெட்ரோலில் பதினோரு லிட்டர்.
பறப்பதில் இருபத்தைந்து நிமிடம்,
அளந்து வைத்ததுபோல்
அணைவரை போய்த் திரும்புகிற தூரம்.

எழுந்து விளக்கைப் போட்டேன்.
கேமரா, இரண்டு லென்ஸ், அதன் பை:
குளியலறைத் தராசில் நாலரை.
கோட்டைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றரை,
அதை எப்படியும் நான் படிக்கப்போவதில்லை.
தண்ணீர் பாட்டில் இரண்டு வேண்டாம், ஒன்று போதும்.
பூட்ஸுக்குப் பதில் கேன்வாஸ் ஷூ.
எல்லாம் கழித்தும்
இன்னும் நானூறு கிராம் இடிக்கிறது.

அனுமதிக் கடிதம் வரவில்லை.
ஆனி பிறந்துவிட்டால் கச்சான் எழும்பும்,
பிறகு ஐப்பசிவரை பேச்சில்லை.
நோக்கம் என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது.

அவளுக்குப் பதில் அனுப்பினேன்:
"பேச்சிப்பாறை உண்டு.
ஞாயித்துக்கிழமை
பழஞ்சி குடிச்சிட்டு மட்டும் வந்துராதே."