ஏழாம் எண்

சயானில் எட்டு இருபது வண்டி.
பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருப்பவள் மடியில்
டிபன் டப்பாவை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்குவேன்.
எங்கே வேலை என்றால் காலேஜில்.
என்ன வேலை என்றால்
உட்கார்ந்திருக்கிற வேலை.

மணிக்கு இருநூற்றைம்பது.
தட்டிக்குப் பின்னால் புடவையை மடித்து வைத்து
மேடை ஏறினால்
முப்பது பென்சில்கள் உரசும் சத்தம்,
பட்டுப்புழு இலை தின்கிற மாதிரி.
ஒருத்தன் வாரம் முழுக்க
என் முழங்காலோடு மல்லுக்கட்டினான்.
அழித்தழித்துத் தாள் கிழிந்தபோது
'ஸாரி மௌஷி' என்றான்,
முழங்காலிடமா என்னிடமா தெரியவில்லை.

அங்கே எனக்கு வெட்கம் வந்ததில்லை.
கால் மரத்துப்போகும். கொசு கடிக்கும். சொறியக் கூடாது.
வெட்கம் வந்தது ஒரே நாள்:
மணி அடித்துப் புடவையைச் சுற்றிக்கொண்டிருக்கையில்
ஃபேன் ரிப்பேருக்கு வந்தவன்
ஏணி உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தான்.
அப்போது முக்கால்வாசி உடுத்தியிருந்தேன்.

மிருணாள் மேடம் படமெடுத்தது ஆடி மாதத்து மழையில்,
கிர்காவ் வீட்டு ஜன்னலோரம்.
முக்காலி ஆடியது.
தீப்பெட்டி அட்டையை மடித்து
நானே அதன் காலுக்கடியில் செருகினேன்.
முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயா என்று கேட்டாள்.
எதற்கு, நேராகவே பார்க்கிறேன் என்றேன்.
அடிவயிற்றில் நெடுக ஓடும் தழும்பு,
இரண்டாவது பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் போட்ட தையல்,
அவசரக்காரன் எவனோ போட்ட கோணல்.
வெளிச்சம் அதன்மேல் விழும்வரை
ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.
மராத்திக் காகிதத்தில் கையெழுத்து.
அதில் எனக்குப் படிக்கத் தெரிந்தது
மூவாயிரத்து ஐந்நூறு மட்டும்.

காலா கோடாவில் தொங்கவிட்டார்கள்.
கதவு உயரம் இருந்தேன்.
மாம்பழக் கலர் சிந்தெடிக் புடவையில்
என் பக்கத்திலேயே போய் நின்றேன்.
கண்ணாடி டம்ளர் ஏந்திய யாருக்கும்
என்னைத் தெரியவில்லை.
கீழே ஒரு சீட்டு: உடல், எண் ஏழு.
அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு வட்டம்.
பாவம், பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.
விற்றுப்போயிற்று என்று அர்த்தமாம்.
ஒன்றரை லட்சம்.

மூன்றாம் நாள் யாரோ புகார் கொடுக்க
இன்ஸ்பெக்டர் வந்தாராம்.
கலையா, மற்றதா என்று
வக்கீலும் பேராசிரியரும் சாயங்காலம்வரை பேசினார்களாம்.
டீ இரண்டு தடவை வந்ததாம்.
ஏழாம் எண்ணைக் கேட்போம் என்று
ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்து
தொண்ணூறு அடி ரோட்டில் எபநேசர் கடை.
என் போனுக்குச் சார்ஜ் ஏறவில்லை.
மேசைமேல் எவனுடைய போனோ திடீரென்று ஒளிர்ந்தது.
கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாத ஒருத்தி.
வெள்ளை வெளேரென்று.
வயிறு மெழுகிவிட்ட தரைபோல வழுவழுப்பு.
யாரோ சின்னப்பெண் என்றுதான் நானும் நினைத்தேன்.
முக்காலியைப் பார்த்தேன்.
அதன் காலுக்கடியில்
மடித்த தீப்பெட்டி அட்டை.

எபநேசர் பதறிப்போய்ப் போனைக் கவிழ்த்தான்.
'அசிங்கம்க்கா, நீங்க பாக்காதீங்க.'
காது சிவந்திருந்தது பிள்ளைக்கு.
நல்ல பையன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்.
'எவ்வளவுப்பா?'
'முந்நூறு. உங்களுக்கு இருநூத்தம்பது.'
ஒரு மணி நேரம் உட்கார்ந்த காசு.
எண்ணிக் கொடுத்தேன்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
நேராகப் பார்த்த கண்ணை வெட்டியிருக்கிறான்.
மகன் வந்த வழியை அழித்திருக்கிறான்.
சரி, அவன் திருடன்.
மிருணாள் இரண்டையும் வைத்திருந்தாள்,
பெயரை மட்டும் விட்டுவிட்டாள்.
அதற்கு என்ன பெயர் என்று
கேட்டுச்சொல்ல எனக்கு ஆளில்லை.

ராத்திரி, பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால்
அரை வாளித் தண்ணீரில் குளித்தேன்.
பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
சோப்பு நழுவிய விரல்
தொப்புளுக்குக் கீழே போய்த் தேடியது.
இருந்தது.
கோணலாகத்தான்.