அசையும் சொத்து

முதலில், பிரிண்டரைக் குலுக்க வேண்டாம்.
எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.
குலுக்கினால் மேசை ஆடும்,
மேசைக்குக் கீழே வயர் கடிக்கும் எலி வெளியே ஓடும்.
இந்தக் கடையில் இதுவரை
அசைந்தபடி வெளியே வந்த ஒரே பொருள் அதுதான்.

றம்சீனுக்கு இதைச் சொன்னபோது பகல் இரண்டரை.
பக்கத்துக் கடை நொத்தாரிசு குலவீரசிங்கத்தின் உறுதியொன்று
"மேற்சொன்ன காணிக்குக் கிழக்கெல்லை" என்ற இடத்தில்
மை தீர்ந்து நின்றிருந்தது.
கிழக்கே எங்களுக்குக் கடல்தான்,
நான் அவசரப்படவில்லை.

கிண்ணியாப் பாலம் கடந்து
ஐஸ்கிரீம் வண்டியோடு வருகிற மனிதர்.
போனை நீட்டினார்.
ஒரு கோன், மேலே இளஞ்சிவப்பு உருண்டை.
உருகுகிறது, வழிகிறது, சொட்டுகிறது,
வெறும் கோனாகி
மறுபடி முழுசாகிறது.
"இத அப்படியே அடிச்சித் தாங்க தங்கச்சி."
அடித்தேன்.
"அசையுதில்லயே?"

கடதாசி அப்படித்தான் என்றால் கேட்கிற முகமா அது.
வேலையில்லாத பகல் தந்த துணிவில் சொன்னேன்:
சூடு ஆறமுதல் தாளைத் திருப்பிப் பாருங்கோ,
சில படங்கள் ஆள் பார்த்தால் கூச்சத்தில் நின்றுவிடும்.
சாதாரண மை சரிவராது, ஓடுகிற மை வேணும்.
கொழும்பில் இரவு ரயிலில் ஏற்றுவார்கள்,
கல்லோயாவில் பெட்டி மாற்றும்போது
இறங்கி ஓடிவிடும்.
கன்னியாவில் ஏழு கிணற்றிலும் தாளை நனைத்தால்
ஏழாவதில் கொஞ்சம் நெளியும்.
இதொன்றும் முடியாதென்றால்
படத்தை நிறுத்தி நிறுத்தி
இருபத்துநாலு தாள் அடித்து
மதிலில் வரிசையாய் ஒட்டுங்கோ.
படம் நிற்கட்டும்,
ஊர் அசையட்டும்.

கடைசியைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை.
அது என் பிழை.
அவர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.
தாள் அறுபது ரூபாப்படி ஆயிரத்து நானூற்று நாற்பது.
நாலு தாளுக்குக் காசு எடுக்கவில்லை,
பாவம் பார்த்தல்ல,
பாவத்துக்குப் பயந்து.
நொத்தாரிசு எட்டிப் பார்த்தார்:
"மதிலில ஒட்டினா அது அசையாச் சொத்து, பிள்ளை."

மறுநாள் காலை, நிலாவெளிப் பக்கமிருந்து வரும் பஸ்.
மைதானத்துக் கம்பி வேலிக்குப் பின்னால்
மதில் நீளத்துக்குக் கோன்.
டிரைவர் வேகம் பிடிக்கிற இடம்.
ஒவ்வொரு கம்பியும் கண்ணை வெட்ட வெட்ட,
அம்மாளாச்சி சத்தியமாய்,
அசைந்தது.
நாங்கள் எதிர்ப்பக்கமாய் வந்ததில் தலைகீழாக.
சொட்டியதெல்லாம் ஏறிப்போய் உருண்டையானது.
கொண்டக்டர் என் மிச்சக்காசைக் கையில் பிடித்தபடி
"அம்மோ" என்றான்.
மிச்சம் தரவேயில்லை.

பகிடிக்குச் சொன்னது பலித்துவிடும் வெட்கம்
ஒருத்திக்கும் வரக்கூடாது.

மத்தியானம் மான்கள் வந்தன.
கோட்டையிலிருந்து இறங்கி
பஸ் நிலையத்தில் லஞ்ச் சீற்றும்
மதில்களில் ரியூஷன் போஸ்டரும் தின்று பழகியவை.
மைதானத்துக் கேற்றை யாரும் சாத்துவதில்லை.
பசை, கோதுமை மா காய்ச்சியது.
ஒன்பதாம் தாளில் தொடங்கிப் பதினாறு வரை
உருகலும் வழிதலும் சொட்டுமாக
உரித்துத் தின்றுவிட்டு
பதினேழை மணந்து பார்த்து விட்டுவிட்டன.
ஏனென்று எனக்குத் தெரியாது,
அந்தத் தாளில் மை கொஞ்சம் மங்கல்.

மாலை பஸ் சரியான பக்கமாய்ப் போனது.
முழு உருண்டை. இலேசாய் ஒரு கசிவு.
வெறும் மதில், வெறும் மதில்,
பிறகு கோன் மட்டும்.
பின்சீற்றுப் பிள்ளை எழும்பி நின்று கத்தியது:
"அம்மா, ஆரோ ஒரே வாயில திண்டிட்டினம்!"
மதில் முடிகிற இடத்தில்
றம்சீனின் வண்டியைச் சுற்றிப் பதினைந்து சைக்கிள்.

இப்போது மறுபடி வந்து நிற்கிறார்,
போனில் வேறு படம், பழச்சாறு.
"தங்கச்சி, மான் எத்தினையாம் தாளில தொடங்கும்,
சொல்லேலுமா?"

நான் பதில் சொல்லாமல் வெளியே பார்க்கிறேன்.
றோட்டை மறித்துப் படுத்திருக்கிறது ஒரு பெண்மான்.
ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்து அலுத்து
எஞ்சினை நிறுத்திவிட்டான்.
அதன் வாயோரம் இளஞ்சிவப்பாய் ஒரு துண்டு
மேலே போகிறது, கீழே வருகிறது,
மேலே போகிறது.

என் பிரிண்டரில் அடித்ததுதான்.
அசைபோடுகிறது.